கரண்டியின் உயரம்

கண்ணு, புதன்கிழமைக் கூட்டத்தில் எனக்குப் பொன்னாடை போர்த்தப் போகிறார்கள் என்று நீ போனில் சொன்னபோது சரி என்றுதான் சொன்னேன். அடுப்பில் பால் வைத்திருக்கிறேன் என்று சொல்லிப் போனை வைத்தேன். அடுப்பில் பாலும் இல்லை, அடுப்பு எரியவும் இல்லை. இரண்டு நாளாக யோசித்துவிட்டு இப்போது எழுத உட்கார்ந்திருக்கிறேன். போனில் பேசினால் நீ குறுக்கே பேசுவாய். வக்கீல் ஆன பிறகு அந்தப் பழக்கம் உனக்குக் கூடித்தான் இருக்கிறது. தாளில் எழுதினால் கடைசி வரைக்கும் நீ கேட்டுத்தான் ஆக வேண்டும். எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள். ஐந்தாம் வகுப்போடு நின்ற கை இது. ஆனால் அந்த ஐந்தாம் வகுப்பில் நான்தான் முதல் என்பதை உனக்கு எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன், இப்போதும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உன்மேல் எனக்குப் பொறாமை உண்டு. பெற்ற தாய்க்கு இருக்குமா என்று கேட்பாய். இருக்கிறது. நீ ஆறாம் வகுப்புக்குப் போன வருஷம் புதுப் புத்தகங்களுக்கெல்லாம் பழைய காலண்டர் தாளில் அட்டை போட்டுக்கொண்டிருந்தாய். நான் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்துத் தடவிப் பார்த்தேன். எனக்கு ஆறாம் வகுப்புப் புத்தகம் எப்படி இருக்கும் என்றே அதுவரை தெரியாது. எங்கள் ஊரில் அப்போது ஐந்து வரைதான். ஆறாவதற்கு மலைச்சரிவில் இறங்கி அடுத்த ஊருக்குப் போக வேண்டும். என் அண்ணன் போனான், நான் காப்பிப் பழம் பறிக்கப் போனேன். யாரும் என்னை அடிக்கவில்லை, திட்டவில்லை, படிக்கிறாயா என்று கேட்கவும் இல்லை. அதையெல்லாம் நினைத்துக்கொண்டு உன் புத்தகத்தைத் தடவிய அதே கையோடுதான், "ஏத்தா, இப்படி ஒக்காந்தே கெடந்தா சோலிய யாரு பாக்குறது? வெங்காயத்த உரி வெரசா" என்று உன்னை அடுப்படிக்கு விரட்டினேன். அன்றிலிருந்து நீ புத்தகத்தை எடுக்கும்போதெல்லாம் எனக்கு ஏதாவது ஒரு வேலை ஞாபகம் வரும். இப்போது நீ போகிற இடமெல்லாம், எங்கம்மா என்னை உழைப்பாளியாக வளர்த்தார் என்று சொல்கிறாய். உழைப்பைச் சொல்லிக்கொடுக்கவா வெங்காயம் உரிக்கச் சொன்னேன்? நீ வாசிப்பதைப் பார்க்கப் பொறுக்காமல்தான் சொன்னேன்.

போன மாதம் உன் மகள் நிலா லீவுக்கு வந்திருந்தாள் அல்லவா, அவள்தான் போனை என் மடியில் வைத்து, "அம்மாச்சி, அம்மா ஒன்னயப் பத்திப் பேசுது பாரு" என்றாள். பழனியில் ஏதோ ஒரு பள்ளிக்கூடத்தில் ஆசிரியர்களுக்கு நீ நடத்திய பயிற்சி. கறுப்புக் கோட்டு இல்லை, அரக்குச் சேலை கட்டியிருந்தாய். வகுப்பில் பிள்ளைகளைப் பிரித்து வைப்பது எப்படியெல்லாம் நடக்கும், சட்டம் அதற்கு என்ன சொல்கிறது, புகார் வருவதற்கு முன்னால் எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்று விரலை மடக்கி மடக்கிச் சொன்னாய். முன்வரிசையில் தலைமை ஆசிரியர்கள் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தார்கள். சத்துணவு அடுப்படியில் என்னைப் பதினெட்டு வருஷம் "ஏய் ஆயா" என்று கூப்பிட்டவர்களைப் போன்ற ஆட்கள், நீ சொல்லச் சொல்ல எழுதுகிறார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது. அதற்குள்ளேயே ஒரு முள்ளும் இருந்தது. அந்த மைக்கை ஒரு தடவை என் கையில் கொடுத்திருந்தால் நானும் பேசியிருப்பேன் என்று தோன்றியது.

அப்புறம்தான் நீ என் கதைக்கு வந்தாய். "எங்கம்மா சத்துணவுக்குச் சமைச்சவங்க. அஞ்சாங்கிளாஸ்தான் படிச்சாங்க. ஆனா காட்டுல இருக்குற பளியர் பழங்குடிக் குடியிருப்புப் பிள்ளைகளுக்கும் ஊர்ப் பிள்ளைகளுக்கும் ஒரே கரண்டியிலதான் ஊத்துனாங்க. நான் சட்டத்தைக் காலேஜ்ல கத்துக்கல, அந்தக் கரண்டியிலதான் கத்துக்கிட்டேன்" என்றாய். எல்லாரும் கை தட்டினார்கள். கை தட்டி முடிந்ததும் இன்னொன்று சொன்னாய். "என்கூடப் படிச்ச பொம்மின்னு ஒரு பொண்ணு. என்னய விட நல்லா வாசிப்பா. அஞ்சாவதோட திடீர்னு நின்னுட்டா. ஏன் நின்னான்னு இன்னிக்கி வரைக்கும் எனக்குத் தெரியல. அந்தக் கேள்விதான் என்னய இந்த வேலைக்குக் கொண்டுவந்துச்சு." நிலா என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஏன் அம்மாச்சி ஒரு மாதிரி இருக்க?" என்றாள். ஒன்றுமில்லை, வெயில் என்றேன். வெளியே மஞ்சு மூடி, எதிரே இருக்கும் காப்பித் தோட்டமே தெரியவில்லை.

பொம்மியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அவள்மேலும் எனக்குப் பொறாமைதான். மதுரையிலிருந்து வருகிறாய், தாண்டிக்குடி ரோட்டில் பஸ்ஸை விட்டு இறங்குகிறாய், நேராக வீட்டுக்கா வருகிறாய்? காட்டுப் பாதையில் இறங்கிப் பளியர் குடியிருப்பில் இருக்கும் அவள் வீட்டுக்குப் போய்விடுகிறாய். நான் வெள்ளனே எழுந்து கறி எடுத்துக் குழம்பு வைத்துக் காத்திருப்பேன். நீ மத்தியானம் கழித்து வந்து, "பசிக்கலம்மா, பொம்மி வீட்டுல வள்ளிக்கெழங்கு அவிச்சா, தின்னுட்டேன்" என்பாய். நீ காலேஜில் படித்த சட்ட அகராதியை அவள் மகள் வள்ளிக்குக் கொடுத்தாய். எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு அது எதற்கு? அதை என்னிடம் தருவாய் என்று பல வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன். நான் கேட்கவில்லை. நீயும் என்னிடம், படிக்கிறாயா என்று கேட்கவில்லை. இப்போது வள்ளி விஷயத்தில் நீ செய்ததைப் பார்த்தும் அப்படித்தான் இருந்தது. வகுப்பைப் பெருக்குகிற முறைப் பட்டியலில் குடியிருப்புப் பிள்ளைகள் பெயர் மட்டும் இருக்கிறது என்று அவள் சொன்னவுடன் ஓடி வந்தாய். "கேசு போடுறது கடைசிம்மா. மொதல்ல உக்காந்து பேசி நிறுத்தணும்" என்று சொல்லி, நான்கு தடவை மலையேறி, அந்தப் பட்டியலைக் கிழிக்க வைத்து, பெற்றோரும் சேர்ந்து கண்காணிக்க ஒரு குழு போட வைத்துவிட்டாய். புதன்கிழமை அந்தக் குழுவின் முதல் கூட்டம். வள்ளி படிக்கிற அதே பள்ளிக்கூடம், நான் சமைத்த பள்ளிக்கூடம். அங்கேதான் எனக்குப் பொன்னாடை.

ஒரே கரண்டி என்று நீ சொல்வது பொய் இல்லை, கண்ணு. கரண்டி ஒன்றுதான். ஊர்ப் பிள்ளைகள் தட்டை நீட்டினால் கரண்டியைத் தட்டோடு வைத்துச் சரிப்பேன். குடியிருப்புப் பிள்ளைகள் நீட்டினால் ஒரு சாண் மேலே பிடித்து ஊற்றுவேன். அவர்கள் தட்டைத் தொட்ட கரண்டி திரும்ப வாளிக்குள் போகக் கூடாது என்பது ஊரில் உள்ளவர்கள் கணக்கு. எனக்கு முன்னால் சமைத்த அம்மாள் அப்படித்தான் ஊற்றினார், நான் பார்த்துப் பழகிக்கொண்டேன். யாரும் எனக்கு உத்தரவு போடவில்லை. தனித் தட்டு வைத்தால் அதிகாரி கேட்பார். தனியாக உட்கார வைத்தால் டீச்சர் கேட்பார். கரண்டியை ஒரு சாண் தூக்கினால் யார் கண்ணிலும் படாது. சாம்பார் கொஞ்சம் தெறிக்கும், அந்தப் பிள்ளைகள் சட்டையில் மஞ்சள் புள்ளி இருக்கும், அவ்வளவுதான். நீ என் பக்கத்திலேயே நின்று சாப்பிட்டவள், உனக்கே தெரியவில்லை பார். உனக்கு எப்படித் தெரியும், உன் சட்டையில் தெறிக்கவில்லையே.

நீங்கள் ஐந்தாம் வகுப்பில் இருந்தபோது ஒருநாள் கல்வி அதிகாரி வந்தார். பெரிய டீச்சர் பொம்மியை எழுப்பிப் பாடம் வாசிக்கச் சொன்னார். நான் அடுப்படிச் சன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் வாசித்தாள். நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி, கேள்வி வந்த இடத்தில் குரலைத் தூக்கி, யாருக்கோ கதை சொல்வது மாதிரி வாசித்தாள். நீ கையைக் கட்டிக்கொண்டு அவளையே பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாய், உனக்குக் கொஞ்சமும் பொறாமை இல்லை. உனக்கும் சேர்த்து நான் பட்டேன். அதிகாரி, "இந்தப் புள்ளைய விட்றாதீங்க டீச்சர், எவ்வளவு தூரமானாலும் படிக்க வைங்க" என்றார். என் காலில் கொதிக்கிற உலை கொட்டியது போல இருந்தது. நானும் ஒரு நாள் அப்படித்தான் வாசித்தேன். என்னை விட்டுவிடாதீர்கள் என்று ஒரு மனிதர்கூடச் சொல்லவில்லை.

அன்று மத்தியானம் பொம்மி தட்டை நீட்டியபோது கரண்டி ஒரு சாணில் நிற்கவில்லை. என் நெஞ்சு உயரத்துக்குப் போய்விட்டது. நான் தெரிந்து தூக்கினேனா, தெரியாமல் தூக்கினேனா என்று இத்தனை வருஷமும் எனக்குள் வாதாடிப் பார்த்துவிட்டேன். தெரிந்துதான் தூக்கினேன். அடுப்பிலிருந்து அப்போதுதான் இறக்கிய சாம்பார் தட்டு விளிம்பில் பட்டு அவள் மணிக்கட்டில் கொட்டியது. தட்டு கீழே விழுந்தது. அவள் அழவில்லை, நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள். அந்த நேரத்திலாவது கையைப் பிடித்துத் தண்ணீர் ஊற்றியிருக்கலாம். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "வாசிக்க மட்டும் தெரியுது, தட்டு பிடிக்கத் தெரியலையாக்கும்" என்றேன். வரிசையில் நின்ற பிள்ளைகள் எல்லாம் சிரித்தார்கள். நீ குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்தாய். மறுநாள் அவள் வரவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. டீச்சர் குடியிருப்புக்குப் போய்க் கூப்பிட்டார், பிள்ளை வரமாட்டேன் என்கிறது என்று சொல்லிவிட்டார்களாம். கொஞ்ச நாளில் ரெஜிஸ்டரில் அவள் பெயரை அடித்துவிட்டார்கள். "அம்மா, பொம்மி ஏன் வரல?" என்று நீ கேட்டாய். "தேனெடுக்கப் போற அவுக அப்பா அம்மாகூட அவளும் போயிருப்பா" என்றேன். அவள் நான் நின்ற அதே வகுப்பில் நின்றுவிட்டாள் என்று நினைத்தபோது எனக்குள் ஓர் ஓரத்தில் ஆறுதலாக இருந்தது. இதை எழுதக் கை வரவில்லை, எழுதிவிட்டேன்.

உன் கேள்விக்குப் பதில் இதுதான், கண்ணு. நீ ஊர் ஊராகத் தேடிக்கொண்டிருந்த பதில் உனக்கு வெங்காயம் உரிக்கக் கொடுத்த வீட்டிலேயே இருந்தது.

நேற்று ஞாயிற்றுக்கிழமை. ஜீப்பில் எஸ்டேட் கேட் வரை போய், மீதியை நடந்து குடியிருப்புக்கு இறங்கினேன். முழங்கால் ஒத்துழைக்கவில்லை, மூன்று இடத்தில் உட்கார்ந்தேன். பொம்மி வாசலில் மிளகு காயப் போட்டுக்கொண்டிருந்தாள். "வாங்க ஆயா, மக வரலையா?" என்றாள். நான் மட்டும்தான் என்றேன். "இம்புட்டுத் தூரம் எறங்கி வந்துருக்கீக, என்ன சோலி?" என்றாள். எதிலிருந்து தொடங்குவது என்று தெரியாமல், "எனக்குப் பொன்னாட போடுறாகளாம்" என்றேன்.

"கேள்விப்பட்டேன்."

"நீ என்ன நெனக்கிற?"

"என்ன கலருன்னு நெனக்கிறேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

டீ போட்டுக் கொண்டுவந்து என் முன்னாலேயே ஆற்றினாள். டம்ளரைக் கீழே பிடித்து, குவளையைத் தலைக்கு மேலே தூக்கி ஊற்றினாள். எனக்குச் சட்டென்று கை பின்னால் போய்விட்டது. அவள் அதைப் பார்த்தாள். "பயப்படாதீக ஆயா. இது டீ ஆத்துறது. ஒங்க மேல ஊத்தல" என்றாள். உள்ளே படித்துக்கொண்டிருந்த வள்ளி எட்டிப் பார்த்தாள், அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. அந்த ஒரு பேச்சைச் சொல்ல பொம்மி இத்தனை வருஷம் காத்திருந்தாள் என்று எனக்குப் புரிந்தது. டம்ளரை வாங்கி ஒரு வாய் குடித்தேன்.

"எம்மககிட்ட ஏன் சொல்லல?" என்று கேட்டேன்.

"சொல்லணும்னு வாய் வரைக்கும் வரும் ஆயா. சொன்னா அவளுக்கு எம்மொகத்தப் பாக்க வெக்கமாப் போயிரும். அப்புறம் இங்கிட்டு எறங்க மாட்டா. எனக்குன்னு வெளிய இருந்து வர்றது அவ ஒருத்திதான்" என்றாள். பெருந்தன்மையில் மறைத்திருப்பாள் என்று நான் நினைத்திருந்தேன். அதுவும் இல்லை. உன்னை இழந்துவிடுவேனோ என்று அவளும் என்னைப் போலத்தான் பயந்திருக்கிறாள். அதைக் கேட்டபோது முதல் தடவையாக அவள்மேல் பொறாமை வரவில்லை. அப்புறம் கொஞ்ச நேரத்தில் வந்துவிட்டது, அது வேறு விஷயம்.

கையைக் காட்டச் சொன்னேன், காட்டினாள். புளியங்கொட்டை அளவுக்கு ஒரு தழும்பு. "இது வலிக்கல ஆயா. நீங்க சொன்னதுதான் வலிக்கிது. இப்பவும் ஏதாவது வாசின்னு யாராச்சும் தாளக் குடுத்தா எனக்குத் தட்டுதான் ஞாபகம் வருது. வள்ளி நோட்டக் காட்டி வாசிம்மாங்கும், கண்ணு தெரியலத்தான்னு சொல்லிருவேன்" என்றாள். அவள் கண்ணுக்கு ஒன்றும் இல்லை, மிளகில் கிடந்த கல்லைப் பொறுக்கிக்கொண்டேதான் பேசினாள்.

மன்னித்துவிடு தாயி என்றேன். அவள் தலையை ஆட்டினாள். "அத இங்க கேக்காதீக. புதன்கெழம அங்க வச்சுக் கேளுங்க. அன்னிக்கி எல்லாரும் சிரிச்சாக, அம்புட்டுப் பேருக்கும் முன்னால கேளுங்க. குடுக்கலாமா வேணாமான்னு நா அப்ப யோசிக்கிறேன்" என்றாள். கூட்டத்தில் அவள் பெயரைச் சொல்லலாமா என்று கேட்டேன். "சொல்லுங்க. ரெஜிஸ்டர்லதான் அடிச்சுட்டாக, இதுலயாவது இருக்கட்டும்" என்றாள்.

அதனால்தான் இதை உனக்கு மட்டும் எழுதவில்லை. புதன்கிழமை இந்தக் கடிதத்தை நானே எழுந்து வாசிப்பேன். எனக்கு வாசிக்கத் தெரியும். அதற்கு முன்னால் நீ தனியாக ஒரு தடவை படித்துவிட வேண்டும் என்றுதான் இன்றே மதுரை பஸ்ஸில் கொடுத்து அனுப்புகிறேன், கூட்டத்துக்கு நடுவில் உன் முகம் மாறுவதை நான் பார்க்கக் கூடாது. பொன்னாடையை வேண்டாம் என்று தலைமை ஆசிரியையிடம் நீ சொல்லிவிடு. காரணம் கேட்டால், காரணம் கூட்டத்தில் தெரியும் என்று சொல். என்னை வரவேண்டாம் என்று தடுக்காதே. பாவம், வயதானவள், பழைய காலத்துப் பழக்கம் என்று எனக்காக வாதாடவும் செய்யாதே. நீ நன்றாக வாதாடுவாய், நான் தப்பித்துவிடுவேன், அது கூடாது. இனி மேடைகளில் அந்தக் கரண்டிக் கதையை உன்னால் சொல்ல முடியாது. மறைக்காமல் சொல்கிறேன், எனக்கு இதில் பெரிய வருத்தம் அதுதான். உன் பேச்சில் நான் இருந்த ஒரே இடம் அது. அந்த இடத்தையும் என் கையாலேயே அழித்துவிட்டு, இனி அங்கே பொம்மி மட்டும்தான் இருப்பாள் என்று நினைத்தால் வயிறு எரிகிறது. எரியட்டும். நீ மலையேறி வரும்போது முதலில் அங்கே போவதையும் நிறுத்திவிடாதே. நிறுத்தினால் அவள் பயந்தது சரியாகிவிடும். அவள் வீட்டுக் கிழங்கைத் தின்றுவிட்டு வா, என் குழம்பை நான் மூடி வைத்திருக்கிறேன். ஒருவேளை கொஞ்ச நாளைக்கு என் வீட்டுக்கு வரவேண்டாம் என்று உனக்குத் தோன்றினால், அதையும் தாங்கிக்கொள்வேன். போன் மட்டும் செய்.

உன் வேலைக்கு ஒன்று சொல்கிறேன். பள்ளிக்கூடங்களுக்குப் போனால் நீ கேட்கிற பதினோரு கேள்விகளை நிலா எனக்கு வாசித்துக் காட்டினாள். யார் பெருக்குகிறார்கள், யார் எங்கே உட்காருகிறார்கள், எந்தக் குழாயில் யார் குடிக்கிறார்கள், டீச்சர் யாரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார், யாரை ஊர் சொல்லிக் கூப்பிடுகிறார், எல்லாம் சரியான கேள்விகள். ஆனால் அவையெல்லாம் வகுப்பறையில் உட்கார்ந்தவள் எழுதிய கேள்விகள். அடுப்படியில் நின்றவள் எழுதினால் இன்னொன்றும் இருந்திருக்கும். சாப்பாட்டு நேரத்தில் போய் வரிசைக்குப் பக்கத்தில் நில். தட்டுகளை எண்ணாதே, ஒரே மாதிரிதான் இருக்கும். பரிமாறுகிறவள் கையை மட்டும் பார். எந்தப் பிள்ளைக்குக் கரண்டி தட்டைத் தொடுகிறது, எந்தப் பிள்ளைக்கு மேலே ஏறுகிறது என்று பார். அப்புறம் பிள்ளைகள் சட்டையைப் பார், யார் சட்டையில் புள்ளி இருக்கிறது என்று. புதன்கிழமை அந்தப் பள்ளிக்கூடத்துச் சமையல்காரப் பெண்களிடம் கரண்டியை வாங்கி நானே காட்டிக்கொடுக்கிறேன்.

இதைப் பன்னிரண்டாவது கேள்வியாக எழுதிக்கொள். எழுதும்போது பொம்மி சொன்னது என்று போட்டுவிடாதே, அவளுக்குத்தான் நீ எல்லாவற்றையும் கொடுத்துவிடுகிறாயே. இது நான் சொன்னது. இதை எழுதி முடித்துவிட்டு ஒரு தடவை வாசித்துப் பார்த்தேன். சரி, இரண்டு பேர் பெயரையும் போடு. வெந்த கை அவளுடையது, கரண்டி என்னுடையது.

உன் அம்மா